இரண்டு ஔவையரும் ஒரு கையெழுத்து ஏடும்

சென்ற கோடையில் நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எதிரே வேப்பமர நிழலில் இரண்டு சிறுமியர் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையிலுள்ள கற்களை அள்ளி, வரும் கல்லையும் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பாட்டு உண்டு. கல் மேலே போய்வரும் நேரமும் பாட்டின் ஓரடியைச் சொல்லும் நேரமும் சரியாக ஒத்திருந்தன. பாட்டில் வந்த சொற்கள் சில எனக்கு விளங்கவில்லை. பொருள் என்னவென்று மூத்தவளைக் கேட்டேன். "அதுக்கெல்லாம் அர்த்தமில்லீங்க மாமா, அப்பிடித்தான் பாடோணும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கல்லை எறிந்தாள்.

அந்த விடையை நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுவர் பாட்டைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பலவும், அது குழந்தைக்கு எதைக் கற்பிக்கிறது என்னும் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. குழந்தை எதைப் பாடுகிறது, எதை எழுதுகிறது என்று கேட்பவர் குறைவு. சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வரும் பெரியோரை வேறு காரணங்களுக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் சிறுவருக்காகச் செய்த பணி பின்னுக்குப் போய்விட்டது. அதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்ட ஔவையும் சொன்ன ஔவையும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரான தகடூர், இன்றைய தருமபுரி. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்தது. அந்த அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரின் பாடல்களுள் ஒன்று புறநானூற்றின் 92-ஆம் பாட்டு. மன்னனிடம் தம் சொற்களின் சிறுமையைக் கூறவந்த புலவர், ஒரு குழந்தையின் மழலையை உவமை ஆக்குகிறார். அம்மழலை யாழின் இசையோடு ஒவ்வாது. காலத்தோடும் பொருந்தாது. பொருளும் விளங்காது. ஆயினும் தந்தையர்க்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கிறது. தம் பாட்டும் அத்தகையதே என்கிறார் அவர்.

இதைப் புலவரின் பணிவுரை என்று மட்டும் கொண்டால் ஒன்றைத் தவறவிடுவோம். இசை, காலம், பொருள் என்னும் மூன்றும் நாம் ஒரு பாட்டுக்கு வைக்கும் அளவுகோல்கள். மழலை இம்மூன்றிலும் தேறாது. தேறாமலேயே கேட்போர் நெஞ்சை நெகிழ்விக்கிறது. ஆகவே, பாட்டுக்கு முந்தைய ஏதோ ஒன்று மழலையில் உண்டு என்று அந்த ஔவையார் கண்டிருக்கிறார். அவர் குழந்தைக்கு எதையும் சொல்லவில்லை. குழந்தையின் பேச்சைக் கேட்கும் இடத்தில் நிற்கிறார்.

நாம் பள்ளியில் படித்த ஔவையார் வேறொருவர். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடிய அவரைப் பிற்காலச் சோழர் காலத்தவர் என்பர். அவர் குழந்தைக்குச் சொல்லும் இடத்தில் நிற்கிறார். ஆத்திசூடியின் அமைப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வோர் அடியும் நெடுங்கணக்கின் ஓர் எழுத்தில் வரிசையாகத் தொடங்குகிறது. அடிக்கு இரண்டு மூன்று சொற்களே. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிய பிள்ளைக்கு எழுத்தின் வரிசை, முழுமையான ஒரு வாக்கியம், ஒரு நீதி ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் கிடைத்தன. மனப்பாடமே முதன்மையாக இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கனமான பாடநூலை வேறு எவரும் ஆக்கியிருக்க முடியாது. பாரதியும் பாரதிதாசனும் புதிய கருத்துகளைச் சொல்ல விரும்பியபோதும் ஆத்திசூடி என்னும் அந்தப் பழைய அச்சையே எடுத்துக்கொண்டனர்.

இருவரில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது என் கருத்தன்று. தமிழ்ச் சிறுவர் பாட்டின் வரலாறு இவ்விருவருக்கும் நடுவே ஊசலாடியிருக்கிறது. 1915-இல் வெளிவந்த பாரதியின் பாப்பா பாட்டு, 1938-இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' தொகுப்பில் உள்ள கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் என்று எதை எடுத்தாலும், சொல்லும் ஔவையும் கேட்கும் ஔவையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருப்பதைக் காணலாம். சேலத்தில் அந்த ஊசல் ஆடிய விதம் தனியானது.

பேராசிரியர் கண்ட விளையாட்டு

ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) என்றதும் நினைவுக்கு வருபவை வேர்ச்சொல்லாய்வு, ஞால முதன்மொழிக் கொள்கை, சொற்பிறப்பியல் அகரமுதலி ஆகியனவே. அவர் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது அடுத்தபடியாகவே நினைவுக்கு வரும். அவர் வெளியிட்ட முதல் நூல்களுள் ஒன்று 1925-இல் வந்த 'சிறுவர் பாடல் திரட்டு' என்பதைப் பலரும் அறியார். அப்போது அவருக்கு அகவை 23.  பிற்காலத்தில் மொழியுலகையே எதிர்த்து நின்ற அறிஞர், சிறுவர்க்கான பாட்டை அச்சேற்றுவதில்தான் தம் எழுத்துப் பணியைத் தொடங்கியிருக்கிறார்.

1944 முதல் 1956 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பாவாணர் சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவர் வாழ்வில் ஓரளவு அமைதியாகக் கழிந்த காலம் அது. 'சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்', 'பழந்தமிழாட்சி', 'முதற்றாய்மொழி' முதலான நூல்கள் அக்காலத்தவை. மாணவர்கள் பிழையின்றி எழுதப் பழகுவதற்கான 'உயர்தரக் கட்டுரை இலக்கண'மும் அப்போது வந்ததே. இவற்றுக்கிடையே 1954-இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்'.

கோலி, தெல், சில்லாங்குச்சு, சடுகுடு, தட்டாங்கல், பாண்டி, பண்ணாங்குழி, கண்ணாம்பொத்தி என்று தெருவிலும் களத்திலும் பிள்ளைகள் ஆடுபவற்றை அந்நூல் வகைப்படுத்தி விளக்குகிறது. ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்று ஒரு பகுப்பு. பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்று இன்னொரு பகுப்பு. ஆடுகருவி எது, ஆடுமிடம் எது, எத்தனை பேர் ஆடுவர், எப்படி ஆடுவர், அவ்வாட்டம் எதிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று இலக்கண நூலுக்குரிய ஒழுங்கோடு அவர் எழுதிச் செல்கிறார். ஒரே விளையாட்டு பாண்டிநாட்டில் ஒருவகையாகவும் கொங்குநாட்டில் வேறுவகையாகவும் ஆடப்படுமாயின் அவ்வேறுபாட்டையும் குறிக்கிறார். விளையாட்டோடு வரும் பாட்டையும் உரையாடலையும் விட்டுவிடவில்லை.

மொழிநூலறிஞர் ஒருவர் இதற்கு ஏன் நேரம் ஒதுக்கினார்? நூலைப் படிக்கையில் எனக்குத் தோன்றும் விடை இது. பாவாணர் வாழ்நாள் முழுதும் பிறமொழிக் கலப்பற்ற தமிழ்ச்சொற்களைத் தேடினார். அவற்றை ஓலைச்சுவடியிலும் நிகண்டிலும் தேடியவர்கள் பலர். பிள்ளைகளின் வாயிலும் தேடலாம் என்று கண்டவர் அவர். சில்லாங்குச்சு என்றோ பண்ணாங்குழி என்றோ சொல்லும் சிறுவனுக்குத் தனித்தமிழ்க் கொள்கை என ஒன்று இருப்பதே தெரியாது. ஆயினும் அவன் விளையாடும் இடத்தில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை தமிழாகவே இருக்கின்றன. வகுப்பறையில் அவன் மாணவன். ஆடுகளத்தில் பேராசிரியருக்கு அவன் ஆசிரியன்.

உலகின் பிற பகுதிகளிலும் அக்காலத்தில் இத்தகைய தேடல் நடந்தது. இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்னும் இணையர் பள்ளிப் பிள்ளைகளின் வாய்மொழி வழக்குகளைத் தொகுத்து வெளியிட்ட பெயர்பெற்ற நூல் 1959-இல் வந்தது. தெருவிளையாட்டுகளைப் பற்றிய அவர்களது நூல் 1969-இல் வந்தது. வங்கத்தில் தாகூர் 1894-ஆம் ஆண்டளவிலேயே தாய்மாரும் பாட்டிமாரும் சொல்லும் குழந்தைப் பாட்டுகளைத் திரட்டி அவற்றைப் பற்றி எழுதினார். ஓப்பி இணையர் கையாண்ட களஆய்வின் விரிவு பாவாணர் நூலுக்கு இல்லை. அது அளவில் சிறியது. பல இடங்களில் அவருக்கே உரிய துணிபுகளும் உண்டு. விளையாட்டுகளின் தோற்றம் பற்றி அவர் கூறும் காரணங்கள் எல்லாவற்றையும் இன்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 1954-இல், சேலத்தில், ஒரு தமிழாசிரியர் பிள்ளைகளின் ஆட்டத்தை நூலுக்குரிய பொருளாக மதித்தார். அந்த மதிப்பைத்தான் இங்கே போற்றுகிறேன். சங்ககால ஔவையாரைப் போல் அவரும் கேட்கும் இடத்தில் நின்றார்.

'குழந்தை' என்றோர் ஏடு

பாவாணர் சேலத்தில் கற்பித்தபோது அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் இராசமாணிக்கம். சேலம் மாவட்டம் சமுத்திரம் என்னும் சிற்றூரில் 1933 மார்ச்சு 10-ஆம் நாள் பிறந்தவர். பின்னாளில் பாவலரேறு பெருஞ்சித்திரனார் என்று அறியப்பட்டார். தொடக்கக் கல்வி சேலத்திலும் ஆத்தூரிலும். சேலம் நடேசனார், தமிழ் மறவர் பொன்னம்பலனார் ஆகிய ஆசிரியர்களிடம் இளமையிலேயே தமிழுணர்வு பெற்றவர்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அவர் ஒரு கையெழுத்து ஏட்டைத் தொடங்கினார். அதன் பெயர் 'குழந்தை'. பிறகு 'அருணமணி' என்னும் புனைபெயரில் 'மலர்க்காடு' என்று இன்னோர் ஏட்டை நடத்தினார். 'மல்லிகை', 'பூக்காரி' என்னும் பாவியங்களையும் அப்பருவத்திலேயே எழுதினார். 'பூக்காரி' பின்னர்ப் பாரதிதாசனின் ஆதரவோடு 'கொய்யாக்கனி' என்னும் பெயரில் அச்சேறியது.

கையெழுத்து ஏடு என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. கோடிட்ட தாள்களை வாங்கி, நல்ல கையெழுத்துடைய ஒருவன் எல்லாப் படைப்புகளையும் எழுதுவான். ஓவியம் வரத் தெரிந்தவன் அட்டைப்படம் வரைவான். தலைப்புகளுக்குச் சிவப்பு மை, பாட்டுகளுக்குப் பச்சை மை. நூலால் தைத்து அட்டை போட்டால் இதழ் ஆயத்தம். பெரும்பாலும் ஒரே படிதான் இருக்கும். அது வீடுவீடாக, கைமாறிக் கைமாறிப் போகும். கடைசியில் சில தாள்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். படித்தவர் அதில் தம் கருத்தை எழுத வேண்டும். எழுதுவோர், படிப்போர், திறனாய்வோர் எல்லாரும் ஒரே தெருவில் இருந்தனர். அச்சகம் எட்டாத ஊர்களில் தமிழ் எழுத்தாளர் பலர் இப்படித்தான் எழுதப் பழகினர். எழுதியவன் தன் வாசகனின் முகத்தை மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பார்த்தாக வேண்டும் என்பது அதிலுள்ள பெரிய பயிற்சி.

'குழந்தை' என்னும் பெயரை எண்ணிப் பார்க்கிறேன். அது பெரியவர் குழந்தைகளுக்காக நடத்திய இதழன்று. குழந்தைப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டுப்புறச் சிறுவன் தன் இதழுக்குத் தானே வைத்த பெயர். கேட்கும் ஔவைக்கும் சொல்லும் ஔவைக்கும் அப்பால் மூன்றாவதாக ஒருவர் இங்கே வருகிறார். அவர் குழந்தையேதான். கேட்கப்படவும் சொல்லப்படவும் காத்திராமல் தானே எழுதத் தொடங்கிவிட்டது அக்குழந்தை.

பெயரில் இருந்த பசி

அஞ்சல் துறையில் பணியேற்றுப் புதுச்சேரிக்கும் பின்னர்க் கடலூருக்கும் சென்ற அவர், 1959-இல் கடலூரிலிருந்து 'தென்மொழி' இதழைத் தொடங்கினார். ஆசிரியர் பாவாணர் அதன் சிறப்பாசிரியர் ஆனார். அரசுப் பணியில் இருந்தமையால் தம் பெயரில் எழுத இயலாமல், பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர் பெயரைப் புனைந்துகொண்டார். நிலைத்த பெயர் அதுவே.

அந்தப் பழைய பெருஞ்சித்திரனார் யார்? குமணனைப் பாடிப் பரிசில் பெற்றவர் என்று பாடநூல் சொல்லும். புறநானூற்றின் 160-ஆம் பாட்டைத் திறந்தால் அவர் வீட்டுக் குழந்தை நம்முன் வந்து நிற்கும். உணவில்லாமையால் வீட்டையே மறந்து திரியும் குடுமிச் சிறுவன் அவன். தாயின் வற்றிய மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான். பாலில்லை. கூழோ சோறோ கிடைக்குமா என்று கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான். எல்லாம் வெறுமை. அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சம் காட்டுகிறாள். நிலவைக் காட்டுகிறாள். எதற்கும் அழுகை அடங்காததால், உன் தந்தையை நினைத்துச் சினந்த முகத்தைக் காட்டு பார்ப்போம் என்று பேச்சுக் கொடுக்கிறாள்.

புலியும் நிலவும் இன்றளவும் நம் தாலாட்டுகளில் வருபவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் பிள்ளையை ஆற்றுவதற்குக் கையாண்ட பாட்டுப்பொருள் அவை. ஆனால் அப்பிள்ளைக்கு வேண்டியது பாட்டன்று, பால். சிறுவர் இலக்கியத்தைப் பற்றிப் பேசும் நாம் எல்லோரும் இந்தப் புறப்பாட்டை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். குழந்தையின் மழலையை மட்டுமன்று, அதன் அழுகையையும் கேட்டாக வேண்டும் என்று அது நமக்கு நினைவூட்டுகிறது. சமுத்திரத்துச் சிறுவர் தமக்கென்று தேர்ந்துகொண்ட பெயர் இந்தப் புலவருடையது.

சிட்டும் பறவையும்

இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையொட்டி 1965-இல் பெருஞ்சித்திரனார் வேலூர்ச் சிறைக்குச் சென்றார். 'ஐயை' என்னும் பாவியத்தின் முதற்பகுதியை அங்கே எழுதினார். அதே 1960-களில் சிறுவர்க்கும் மாணவர்க்கும் என்றே 'தமிழ்ச்சிட்டு' என்னும் இதழை நடத்தினார். அவருடைய சிறுவர் பாடல்கள் 'பள்ளிப் பறவைகள்' என்னும் நூலாக வந்தன. கையெழுத்தில் தொடங்கிய 'குழந்தை' ஏடு அச்சில் சிறகு முளைத்துத் 'தமிழ்ச்சிட்டு' ஆயிற்று என்று எனக்குத் தோன்றும்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொள்கைக்காக வாழ்ந்த ஒருவர் சிறுவருக்குப் பாட்டு எழுதும்போது, அப்பாட்டு சிறுவருக்கா, கொள்கைக்கா? பெருஞ்சித்திரனாரின் தனித்தமிழ்ப் பற்று சிறுவர் பாட்டிலும் தளரவில்லை. பிறசொல் கலவாமையை அங்கும் காத்தார். மொழிப்பற்றையும் இனப்பற்றையும் அங்கும் ஊட்டினார். வள்ளியப்பாவின் பாடல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வங்கியில் பணியாற்றிய வள்ளியப்பா, பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டார். எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை. வேடிக்கை இருக்கிறதா, வாயில் நிற்கிறதா என்றே பார்த்தார். தமிழ்நாடெங்கும் அவர் பாட்டுகள் பரவியதற்கு அது ஒரு காரணம்.

பெருஞ்சித்திரனாரைக் குறைசொல்வோர் கூறுவதில் உண்மை உண்டு. கொள்கை முன்னே நிற்கும் பாட்டில் சிறுவனின் குறும்பு பின்னே போய்விடும். ஆயினும் எதிர்ப்பக்கத்திலும் ஓர் உண்மை உண்டு. குழந்தைகள் எளியதை மட்டுமே விரும்புவர் என்று எண்ணுவது பெரியவர்களின் சோம்பல். அரிய சொல் ஓசையோடு வந்தால் அதைப் பிள்ளைகள் இனிப்பைப் போல் வாயில் அடக்கிக்கொள்வர். பொருள் பிறகு வரும். பொருள் விளங்காத தட்டாங்கல் பாட்டைப் பாடும் சிறுமி, புதிய தமிழ்ச்சொல் ஒன்றைக் கண்டு அஞ்சமாட்டாள். பாவாணரும் அவர் மாணவரும் இதை நம்பினர். அந்த நம்பிக்கையில் குழந்தையின் மேல் வைத்த மதிப்பு இருந்தது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான அன்பு ஒருவழிப் பாதையாக நின்றுவிடவில்லை. பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலி வெளிவர வேண்டும் என்று 'தென்மொழி' வாயிலாகப் பொருள் திரட்ட முயன்றவர் பெருஞ்சித்திரனார். 1974-இல் தமிழ்நாட்டரசு அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்திப் பாவாணரை அதன் இயக்குநர் ஆக்கியது. சேலத்து வகுப்பறையில் தொடங்கிய உறவு அதுவரை நீண்டது.

நாமக்கல் பக்கம்

சேலத்திலிருந்து தெற்கே இறங்கினால் நாமக்கல். 1997-இல் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் சேலத்தைச் சேர்ந்ததே. அங்கே காவிரிக்கரையில் மோகனூரில் 1888-இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. விடுதலைப் போராட்டப் பாடல்களாலும் 'மலைக்கள்ளன்' நாவலாலும் அறியப்பட்ட அவரும் சிலகாலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவரே.

காவிரியைக் கடந்தால் ஈரோட்டுப் பக்கம். மொடக்குறிச்சியை அடுத்த சிற்றூரில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன் கணித ஆசிரியராக வாழ்வைத் தொடங்கினார். சிறுவருக்குப் பாட்டும் கதையும் எழுதினார். தமிழில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வெளிவரக் காரணமானார். அறிவியலைக் குழந்தைக்குத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டிய பெரும்பணி அது.

நம் காலத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் 1966-இல் பிறந்த பெருமாள்முருகன், பள்ளிப் பருவத்தில் சிறுவர் பாடல்கள் எழுதியே எழுத்துக்குள் வந்தவர். அவற்றுள் சில திருச்சி வானொலியில் ஒலித்தன. நாவலாசிரியராக அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தபோது, எழுதிப் பழக்கமில்லாத மாணவர்களையும் தம் வாழ்வனுபவத்தை எழுத வைத்தார். 2013-இல் அவர் பதிப்பித்த 'சாதியும் நானும்' தொகுப்பு அவ்வாறு பிறந்தது. 'குழந்தை' ஏட்டை நடத்திய சிறுவனுக்கும், வானொலிக்குப் பாட்டு எழுதி அனுப்பிய சிறுவனுக்கும், தன் காயத்தைத் தானே எழுதிய அந்த மாணவனுக்கும் நடுவில் ஓர் இழை ஓடுகிறது. எழுதுவதற்கு எனக்கும் உரிமை உண்டு என்னும் துணிவே அந்த இழை.

யார் யாரிடம் கற்பது?

1862-இல் தால்சுதாய் ஒரு கட்டுரை எழுதினார். எழுதுவதற்கு உழவர் பிள்ளைகள் நம்மிடம் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்பது அதன் தலைப்பிலேயே உள்ள கேள்வி. தம் சிற்றூரில் நடத்திய பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பழமொழியைக் கதையாக்க முயன்றபோது, ஓர் உழவர் வீட்டுச் சிறுவன் சொன்ன நுட்பங்களைக் கண்டு அந்தப் பெரும் படைப்பாளி திகைத்துப் போகிறார். அதே கேள்வியைச் சேலத்துப் பேராசிரியர் சில்லாங்குச்சைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். தகடூர் ஔவை மழலையைக் கேட்டும் கேட்டிருக்கிறார்.

அந்த மண்ணில் பிற்பாடு நடந்தது ஒரு முரண். இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் நாமக்கல் என்றால் தமிழ்நாடு முழுவதும் உறைவிடப் பள்ளிகளே நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் தொலைவூர்களிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். விடியலில் எழுப்பி, இரவுவரை அமர்த்தி, வினாவுக்குரிய விடையை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதப் பழக்கினர். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் வழக்கமும் இருந்தது. மாநில அளவில் முதலிடங்கள் குவிந்தன. 2017-இல் தரவரிசை அறிவிக்கும் முறையை அரசு கைவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் உருவாக்கிய எண்ணம் எளிதில் மாறாது. தமிழ்ச் செய்யுள் அங்கே மதிப்பெண்ணுக்குரிய மனப்பாடப் பகுதி. கட்டுரை என்பது வழிகாட்டி நூலிலிருந்து எடுத்தெழுதுவது.

ஆத்திசூடியும் மனப்பாடந்தானே என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளை ஆத்திசூடியை வாழ்நாள் முழுதும் சுமந்தான். பேரனுக்குச் சொன்னான். தேர்வுக்காக உருப்போட்டது தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. பன்னிரண்டு ஆண்டுகள் படித்து முடித்த பிள்ளை, தன் சொந்த வாக்கியம் ஒன்றைத் தானே எழுதாமல் வெளியே வந்துவிட முடிகிறது. தெருவில் ஆட்டமும் இல்லை, ஆட்டத்தோடு வந்த பாட்டும் இல்லை, கையெழுத்து ஏடும் இல்லை. சொல்லும் ஔவை மட்டும் மிஞ்சி, கேட்கும் ஔவை இல்லாமற் போன நிலை இது.

நம்பிக்கைக்கு இடமில்லை என்றும் சொல்லமாட்டேன். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடலுக்கும் பாடலுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கதை எழுத வைத்துத் தம் செலவில் நகலெடுத்து நூலாகத் தைத்துக் கொடுக்கும் ஆசிரியர்களை இப்பகுதிச் சிற்றூர்களில் நானே சந்தித்திருக்கிறேன். அவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால்தான் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

எனக்குத் தெரிந்த எளிய வழிகள் இரண்டு. முதலாவது, வீட்டிலுள்ள பாட்டியையும் தெருவில் ஆடும் பிள்ளையையும் கேட்டு விளையாட்டுப் பாட்டுகளை எழுதிவைப்பது. எந்த ஊரில், எந்த ஆட்டத்தில், யார் பாடியது என்ற குறிப்போடு எழுத வேண்டும். பாவாணர் காட்டிய முறை அது. பொருள் விளங்கவில்லை என்பதற்காக எதையும் திருத்தலாகாது. இரண்டாவது, நம் வீட்டுப் பிள்ளையின் கையில் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, இது உன் இதழ், நீயே ஆசிரியர், பெயரையும் நீயே வை என்று சொல்வது. கடைசி இரண்டு பக்கத்தை நம் கருத்துக்காக வெறுமையாக விடச் சொல்லலாம். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று ஊருக்குத் திரும்பும்முன் அந்தச் சிறுமியிடம் பாட்டை மெல்ல ஒருமுறை சொல்லச் சொன்னேன். எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. கையில் கல் இல்லாமல் பாட்டு வரவில்லை. மீண்டும் அமர்ந்து கல்லை எறிந்தாள். பாட்டு வந்தது. நான் எழுதிய வேகம் போதவில்லை. நான்கு முறை ஆடிக் காட்டினாள். ஐந்தாம் முறை பொறுமையிழந்து, "நீங்களே ஒருக்கா ஆடிப் பாருங்க மாமா, தானா வந்துரும்" என்றாள். ஆடிப் பார்த்தேன். இரண்டாவது கல்லிலேயே தவறவிட்டேன்.